வில் இருக்கத் தொங்குவானேன்?

'விளையாட்டுத்தனமான கடின இடைநீக்கம், உயர்தர சவாரி வசதி.' கிருஷ்ணகிரியில் மின்கார் விற்கும் ஒரு கடையின் தமிழ்த் துண்டறிக்கையில் இந்த வரி அச்சாகியிருக்கிறது. கார் வாங்க வந்தவருக்கு எழுதியதா, துறை நடவடிக்கைக்கு ஆளான அரசு ஊழியருக்கு எழுதியதா என்று சந்தேகம் வருகிறது. விளையாட்டுத்தனமாக ஓர் ஊழியரை இடைநீக்கம் செய்தார்கள் என்றாலாவது பொருள் உண்டு. பிழை ஒரு கடையோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்று பெயர். செய்தித்தளங்களின் வாகனப் பக்கங்களிலும் காணொளிகளின் எழுத்துரையிலும் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் இப்போது இடைநீக்கம்தான் வருகிறது.

சஸ்பென்ஷன் என்ற சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'பெண்டரே' என்றால் தொங்கவிடுதல். பழைய ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வார்களில் உண்மையாகவே தொங்கவிட்டார்கள். 1804வாக்கில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் இரும்புப் பட்டைகளை நீள்வட்டமாக அடுக்கி வண்டிக்கு அடியில் வைத்தார். தொங்கிய பெட்டி அன்றிலிருந்து உட்கார்ந்துகொண்டது. பெயர் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவரைப் பணியில் வைக்காமலும் நீக்காமலும் நிறுத்திவைப்பதும் அதே வேரிலிருந்து கிளைத்த பொருள்தான். அந்தக் கிளைக்கு இடைநீக்கம் நல்ல தமிழ். காரின் அடியில் அதற்கு வேலை இல்லை.

இடைநீக்கத்தைக் கழித்துக்கட்ட இவ்வளவு போதும். அது எந்திரம் மொழிபெயர்த்து, மனிதர் படித்துப் பார்க்காமல் விட்ட பிழை. எனக்கு உண்மையான வழக்கு 'தொங்கமைப்பு', 'தொங்கல் அமைப்பு' என்று யோசித்தே எழுதுகிறவர்களோடுதான். தமிழ் மேல் அக்கறை உள்ளவர்கள், கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்கள் இவர்கள். இவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மூலச்சொல்லின் வேர் தொங்குதல்தானே என்பது முதல் வாதம். வேர் அதுதான். ஆனால் அது ஐரோப்பியர்களுடைய தோல் வாரின் நினைவு. இந்தப் பொருளை நம்மவர்கள் வேறொரு கண்ணால் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றால், அவர்களுடைய பழைய வாரை இங்கே கொண்டுவந்து கட்டுவது எதற்கு? வேதியியலில் தொங்கல் கரைசல் இருக்கிறது, ஆற்றின் மேல் தொங்கு பாலம் இருக்கிறது, காருக்கும் அதே சொல் இருந்தால் ஒழுங்கு என்பது இரண்டாவது வாதம். கரைசலில் துகள் தொங்குகிறது. பாலம் வடத்தில் தொங்குகிறது. கார் எதில் தொங்குகிறது? ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நான்கு வேலை என்றால் தமிழிலும் ஒரே சொல் அந்த நான்கையும் சுமக்க வேண்டும் என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரம் தொங்குகிறதே என்று மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். அப்போது தொங்குவது சக்கரம். ஜாக்கியில் நிற்கும் வண்டியைப் பார்த்தா பெயர் வைப்பது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தமிழ்க் காதுதான். தொங்கிப்போனது என்றால் நமக்குக் கட்டு தளர்ந்தது, கெட்டுப்போனது. ஒரு வேலையைத் தொங்கலில் விட்டார்கள் என்றால் முடிக்காமல் விட்டார்கள் என்று பொருள். 'சிறந்த தொங்கல் அமைப்பு கொண்ட கார்' என்று விளம்பரம் செய்தால் லாரி ஓட்டி வாழ்ந்தவர் வாங்கமாட்டார்.

தேசிய நெடுஞ்சாலை 44ம் 48ம் கூடும் ஊர் கிருஷ்ணகிரி. லாரிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கே போய் இந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று கேட்டால் 'கமான் பட்டை' என்பார்கள். கமான் பாரசீகச் சொல், பொருள் வில். வளைந்த பட்டை, பாரம் ஏறினால் நிமிரும், இறக்கினால் மறுபடி வளையும். அதைப் பார்த்த கண்ணுக்கு வில் தெரிந்திருக்கிறது. தமிழ்க் கண்ணுக்கும் அதுவே தெரிந்தது. கார் வருவதற்கு முன்பே, வசதியுள்ள வீடுகளில் நின்றது வில்வண்டி. அடியில் வில் வைத்துக் கட்டியதால் அந்தப் பெயர். கேரளத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி 1893இல் சாதித் தடையை மீறிப் பொதுவழியில் ஓட்டிச் சென்றதும் வில்லுவண்டிதான். பட்டறையிலும் வில், பழைய வண்டியிலும் வில், பள்ளி இயற்பியல் புத்தகத்தில் சுருள்வில். இவ்வளவும் கையில் இருக்கும்போது தொங்குவானேன்?

ஆகவே சஸ்பென்ஷனுக்கு 'வில்லமைப்பு' என்று எழுதலாம். 'வில்தொகுதி' வேண்டாம், புணர்ந்தால் விற்றொகுதி ஆகும், தேர்தல் காலத்தில் வம்பு. போர்ஷே நிறுவனத்தின் டைகான் போன்ற கார்களில் இரும்புக்குப் பதில் காற்றுப்பையாயிற்றே என்று கேட்டால், அது காற்றுவில். அமுக்கினால் எதிர்த்து, விட்டால் மீளும் எதுவும் வில்தான்.

வில்லமைப்பில் இன்னொரு உறுப்புக்கும் தவறான பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷாக் அப்சார்பரை 'அதிர்வு தாங்கி' என்கிறார்கள். அது எதையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது வில். வில்லை மட்டும் வைத்து ஓட்டினால் ஒரு வேகத்தடை ஏறி இறங்கிய கார் அடுத்த தெருவரை ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் உரசலால் அடக்குவது இந்தக் குழாயின் வேலை. 'அதிர்வடக்கி' என்றால் வேலை சொல்லிலேயே தெரியும். 2024 நவம்பரில் அறிமுகமான மகிந்திராவின் பி.இ. 6 காரின் மேல்வகையில், சாலைக்கேற்ப இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் அதிர்வடக்கிகள் உண்டு. அதைத் 'தகவமைப்பு இடைநீக்கம்' என்று எழுதுகிறவர் எதை நினைத்து எழுதுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி 'கடினம்'. கல் கடினம், தேர்வு கடினம். வில் கடினமாக இருப்பதில்லை, விறைப்பாக இருக்கிறது. எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் விறைப்பு. இந்த வேறுபாட்டை விட்டால் மின்காரைப் பற்றிய விமர்சனமே தடம் மாறிவிடும். பெரிய மின்கார்களில் பேட்டரிப் பெட்டி மட்டும் 400, 500 கிலோவையும் தாண்டும். 1,400 கிலோ பெட்ரோல் காரையும் 2,100 கிலோ மின்காரையும் எடுத்துக்கொள்வோம். எடை ஒன்றரை மடங்கு. வில்லின் விறைப்பும் ஒன்றரை மடங்கானால் இரண்டும் ஒரே தாளத்தில்தான் ஏறி இறங்கும், ஏனென்றால் அந்தத் தாளத்தை முடிவு செய்வது விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம். விறைப்பு கூடியதாலேயே உடம்பு நோகாது.

எடைக்கு வேண்டியதைவிட விறைப்பை ஏற்றும்போதுதான் நோகும். குடும்பக் கார்கள் பொதுவாக நொடிக்கு 1 முதல் 1.5 முறை ஆடும்படி அமைந்திருக்கும். பந்தயச் சாயல் உள்ளவற்றில் அது 2ஐ நெருங்கும். தொப்பூர் கணவாய் வளைவுகளில் வண்டி சாயக்கூடாது, மோட்டார் சட்டென்று இழுக்கும்போது பின்பக்கம் அமுங்கக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கூடவே பெரிய சக்கரத்துக்குப் பக்கச்சுவர் குட்டையான டயர், கனத்துக்காக அதில் கூடுதல் காற்று. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடம்புக்கு மிகவும் ஒவ்வாதது நொடிக்கு 4 முதல் 8 வரையிலானது. சிறு மேடு பள்ளங்களின் அந்த அதிர்வை வடிகட்டாமல் இருக்கைக்கு அனுப்புவதில் இந்தக் கூட்டணி கெட்டிக்காரக் கூட்டணி. நாற்கரச் சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடுகிற கார், அஞ்செட்டி மலைப்பாதையின் ஒட்டுப்போட்ட தாரில் ஏறியதும் முதுகெலும்பை எண்ணிக் காட்டுகிறது. குற்றம் வில்லில் இருக்கலாம், அடக்கியில் இருக்கலாம், டயரில் இருக்கலாம். எது என்று சொல்லத்தான் விமர்சகர். 'கடின இடைநீக்கம்' என்று எழுதினால் மூன்றையும் ஒரே சாக்கில் கட்டியாயிற்று.

இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்ஸ்கூட்டர் தயாராகும் மாவட்டம் இது. வில்லையும் அடக்கியையும் நாள்தோறும் கையால் தொடுகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துண்டறிக்கையை எழுதும் வேலை மட்டும் எங்கோ ஒரு மென்பொருளுக்குப் போகிறது. அதுவே ஸ்போர்ட்டி என்பதை 'விளையாட்டுத்தனம்' என்றும் எழுதுகிறது. 'துடிப்பான கார்' என்று எழுதினால் போதுமே!

கடைசியாக, ரைடு கம்ஃபர்ட்டுக்கு வைத்த அந்தச் 'சவாரி வசதி'. சவாரி குதிரைக்கும் ஆட்டோவுக்கும் இருக்கட்டும். வசதி என்றால் கோப்பை வைக்கும் இடமும் குளிர்சாதனமும் நினைவுக்கு வருகின்றன. 'சொகுசு' என்று எழுதலாமா? ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு என்றால் அழகு. தமிழில் அது மெத்தை இருக்கையாகவும் சொகுசுப் பேருந்தாகவும் ஆகிவிட்டது. மெத்தென்ற இருக்கை போட்ட காரும் தூக்கிப் போடலாம். பெயர்ச்சொல்லே வேண்டும் என்றால் 'பயண இதம்' எழுதுவேன். இதம் வடசொல் என்று கோபிப்பவர்களுக்கு என் பதில், தெளிவாக இருந்தால் எனக்கு அது போதும். பெரும்பாலான இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது. நல்ல கார் அலுங்காமல் குலுங்காமல் போகிறது. மோசமான கார் தூக்கிப் போடுகிறது. தருமபுரி பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.