ரோடு பைக்கும் உடலும்: அளவு பொருந்தாதபோது வலி எங்கிருந்து வருகிறது?

ரோடு பைக் எனப்படும் சாலைப் பந்தய வகைச் சைக்கிளை ஓட்டுபவரின் உடல் வண்டியைத் தொடுவது ஐந்தே இடங்களில்தான்: இரண்டு உள்ளங்கைகள், இரண்டு பாதங்கள், இருக்கையில் அழுந்தும் இடுப்பின் அடிப்பகுதி. இந்த ஐந்துக்கும் இடையிலான தூரங்களை வண்டி மாறாமல் பிடித்துவைத்திருக்கிறது. நடக்கும்போது நம்மை அறியாமலேயே ஒவ்வோர் அடியையும் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறோம். கால் வலித்தால் அடியின் நீளம் தானாகவே சுருங்கிவிடும். சைக்கிளில் அந்த இடம்பாடு இல்லை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் மணிக்கு 5,400 முறை, மூன்று மணி நேரச் சவாரியில் 16,200 முறை, அதே வட்டத்தில் அதே கோணத்தில் மடங்கி நீள்கிறது. ஒருமுறை செய்தால் உடல் பொருட்படுத்தாத ஐந்து மில்லிமீட்டர் பிழை, பதினாறாயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழும்போது தசைநாணில் அழற்சியாக மாறுகிறது.

இது புதிதாக ஓட்டத் தொடங்குபவர்களின் சிக்கல் மட்டுமன்று. நார்வே ஆய்வாளர்கள் 109 தொழில்முறைச் சாலைப் பந்தய வீரர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஓராண்டில் 58 சதவீதத்தினருக்கு அடிமுதுகு வலியும் 36 சதவீதத்தினருக்கு முழங்காலின் முன்பகுதி வலியும் இருந்ததாகத் தெரியவந்தது. மருத்துவரும் மெக்கானிக்கும் எப்போதும் உடனிருக்கும் வீரர்களின் நிலையே இதுவென்றால், இணையத்தில் உயரத்தை மட்டும் தட்டச்சு செய்து வண்டி வாங்குபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உயரத்தைக் கொண்டு அளவைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன என்பது என் கருத்து. முன்பெல்லாம் வண்டியின் எலும்புக்கூடான ஃபிரேமின் மேற்குழாய் தரைக்கு இணையாக இருந்தது. அதனால் இருக்கைக் குழாயின் நீளத்தை 54 என்றோ 56 என்றோ செண்டிமீட்டரில் சொன்னால் வண்டியின் மொத்த உருவமும் ஓரளவு விளங்கிவிடும். 1990களில் தைவானின் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் வடிவமைத்த டிசிஆர் வண்டியில் மேற்குழாய் பின்பக்கமாகச் சரிந்தது. ஃபிரேம் சிறிதாயிற்று, எடை குறைந்தது, மூன்று நான்கு அளவுகளிலேயே எல்லா வாடிக்கையாளர்களையும் அடக்கிவிட முடிந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தபின், இருக்கைக் குழாயின் நீளம் எதையும் உறுதியாகச் சொல்லாத எண்ணாகிவிட்டது.

இன்று ஒரு ஃபிரேமை நேர்மையாக விவரிப்பவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் மேல்விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். கிடையாக அளந்தால் ரீச். இருக்கையை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் இவை மாறுவதில்லை. இருக்கையின் உயரத்தை ஒரே திருகைத் தளர்த்திப் பல செண்டிமீட்டர் மாற்றலாம். ஹேண்டில்பாருக்கான எட்டும் தூரத்தையோ, ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகவோ நீளமாகவோ மாற்றி இரண்டு மூன்று செண்டிமீட்டருக்கு மேல் சரிசெய்தால் வண்டியின் திருப்பும் தன்மையே கெடத் தொடங்கும். எளிதில் மாற்றக்கூடியதை வைத்து அளவைத் தீர்மானித்துவிட்டு, மாற்ற முடியாததைக் கவனிக்காமல் விடுகிறோம்.

170 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கால்கள் நீளம், உடற்பகுதி குட்டை, மற்றவருக்கு நேர்மாறு. விற்பனை அட்டவணை இருவருக்கும் ஒரே அளவைத்தான் பரிந்துரைக்கும். முதலாமவர் இருக்கையை உயர்த்த வேண்டியிருப்பதால், ஹேண்டில்பார் அவருக்குத் தாழ்வாகவும் தொலைவாகவும் அமைகிறது. அவர் முதுகை வில்லாக வளைத்து, முழங்கைகளை விறைத்து, கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்கிறார். ஒரு மணி நேரத்தில் தோளும் பிடரியும் கனக்கின்றன. இந்நிலையில் பலரும் செய்வது இருக்கையை முன்னுக்குத் தள்ளுவது. கை எட்டிவிடுகிறது, ஆனால் இடுப்புக்கும் பெடலுக்கும் இருந்த உறவு குலைந்து, உடலின் பாரம் கைகளுக்கு ஏறி, கழுத்தில் இருந்த வலி மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் இடம்பெயர்கிறது. ஆகவே, இருக்கையைக் கால்களுக்காக அமைக்க வேண்டும். கைகளின் தூரத்தை ஃபிரேமும் ஸ்டெம்மும் தீர்க்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறுபவர்களில், நீண்ட கால்களும் குட்டையான உடற்பகுதியும் உள்ளவர்கள் சிறியதையும், முதுகு எளிதில் குனியாதவர்கள் ஸ்டாக் மிகுந்த ஃபிரேமையும் பார்ப்பது நல்லது. புதிய வண்டியில், ஹேண்டில்பாரின் உயரத்தைத் தீர்மானிக்கும் முன்ஃபோர்க்கின் தண்டைக் கடைக்காரர் வெட்டிக் குட்டையாக்கும் முன்பு ஒரு மாதமாவது ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்; வெட்டிய தண்டை மறுபடி நீட்ட வழியில்லை.

இருக்கையின் உயரத்துக்கு வருவோம். இங்கேதான் அறிவியல் அதிகம் உழைத்திருக்கிறது. வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டில் இருக்கை அழுந்துமளவு மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் கிடைப்பது உள்கால் நீளம். 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு இங்கிலாந்து ஆய்வாளர்கள், பெடல் கீழே இருக்கும்போது அதன் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையுள்ள தூரம் உள்கால் நீளத்தில் 109 சதவீதமாக இருந்தால் குறுகிய நேரத்தில் அதிக ஆற்றல் வெளிப்படுகிறது என்று கண்டனர். பிரெஞ்சு அணியின் பயிற்றுநர் சிரில் கிமாரிடமிருந்து அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் வழியாகப் பரவிய இன்னொரு கணக்கு, உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கி, கிராங்க் அச்சின் மையத்திலிருந்து இருக்கை வரை அளக்கச் சொல்கிறது. உள்கால் நீளம் 80 செ.மீ. என்று கொண்டால் முதல் கணக்கில் 87.2 செ.மீ. வரும், அதில் 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் 70.2. இரண்டாவது கணக்கில் 70.6. வெவ்வேறு வழியில் வந்த இரண்டும் நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டுக்குள் சந்திப்பது வியப்புக்குரியது. ஆயினும் காலணியின் தடிமனையோ, பாதத்தின் நீளத்தையோ, மிதிக்கும்போது குதிகால் தாழ்கிறதா உயர்கிறதா என்பதையோ இவை கணக்கில் கொள்வதில்லை.

அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் நீளத்தை விட்டுவிட்டு முழங்காலின் கோணத்தை அளக்கிறார்கள். பெடல் மிகக் கீழே இருக்கும்போது, முழுமையாக நீட்டிய காலோடு ஒப்பிட்டால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது 1990களிலிருந்து பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. இது அசையாமல் அமர்ந்த நிலையில் எடுக்கும் அளவு; ஓடும் வண்டியைப் படம்பிடித்து அளந்தால் கோணம் இன்னும் கூடுதலாகவே காட்டும். இருக்கை தாழ்ந்திருந்தால், காலின் முழு விசையும் இறங்கும் தருணத்தில் முழங்கால் அதிகமாக மடங்கியிருக்கிறது. தொடையின் முன்தசை முழங்கால் சில்லைத் தொடை எலும்பின் மேல் அழுத்துகிறது. அந்த வலி முன்பகுதியில் வரும். மாடிப்படி இறங்கும்போது தெளிவாகத் தெரியும். இருக்கை உயர்ந்திருந்தால் கால் எட்டாமல் இடுப்பு இடமும் வலமுமாக ஆடுகிறது. தொடையின் பின்தசைகள் இழுபட்டு வலி முழங்காலின் பின்புறத்திலும் அடிமுதுகிலும் வருகிறது. வலி முன்னா பின்னா என்ற ஒரே கேள்வி பல நேரங்களில் விடையைத் தந்துவிடுகிறது. கருவி இல்லாதவர்கள் வண்டியை நிலைநிறுத்தி, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கி மிதிக்கலாம். அடிப்புள்ளியில் கால் நேராகி, இடுப்பு ஆடாமல் இருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது ஏறக்குறைய சரியான மடிப்பு கிடைக்கும்.

கணக்குகளின் எல்லையை பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸின் வாழ்க்கை காட்டுகிறது. 1969 செப்டம்பரில் பிரான்ஸின் புளுவா நகரத்து ஓடுதளத்தில் நடந்த விபத்தில் அவருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சென்றவர் உயிரிழந்தார். மெர்க்ஸின் இடுப்பெலும்பு பிசகியது. அதற்குப் பிறகுதான் அவர் தம் ஐந்து டூர் டி பிரான்ஸ் வெற்றிகளில் நான்கைப் பெற்றார் என்றாலும், மலையேற்றத்தில் வலி அவரை விடவேயில்லை. பந்தயத்தின் நடுவிலேயே திருகு முடுக்கும் சாவியை எடுத்து இருக்கையின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். இரு பக்கமும் ஒத்திராத இடுப்புக்கு, இரு பக்கமும் ஒத்த வண்டியில் சரியான ஒரே எண் இருக்க முடியாது. நம்மில் பலருக்கும் கால்களில் சில மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. பொதுவாக, குட்டையான காலுக்கேற்ப இருக்கையைத் தாழ்த்துவது பாதுகாப்பானது.

இருக்கையை முன்பின்னாக நகர்த்துவதற்கு, கிராங்க் கிடையாக இருக்கும்போது முழங்காலின் முன்புறத்திலிருந்து தொங்கவிட்ட தூக்குநூல் பெடல் அச்சின்மேல் விழ வேண்டும் என்ற விதி பல கடைகளில் இன்றும் பின்பற்றப்படுகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இதற்கு உடலியக்க அடிப்படை எதுவும் இல்லை என்று வாதிட்டார்: முழங்கால் மூட்டுக்குப் புவியீர்ப்பின் திசை பொருட்டல்ல, படுத்தபடி மிதிக்கும் வண்டிகளில் அந்த நூல் எங்கோ விழுகிறது, முழங்கால்களோ நலமாகவே இருக்கின்றன. அவருடைய வாதமே சரியெனத் தோன்றுகிறது. முன்பின் நிலையால் தீர்மானிக்கப்படுவது உடலின் சமநிலை. நன்றாக அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கும்போது உள்ளங்கைகளைச் சற்றே தளர்த்தினால் உடல் முன்னால் சரிந்து விழுமானால், இருக்கை அளவுக்கு மீறி முன்னே இருக்கிறது என்று கொள்ளலாம்.

மரத்துப்போதலைப் பற்றிப் பலரும் வெளியில் பேசக் கூசுகிறார்கள். பேசாமல் விடுவதால்தான் அது முற்றுகிறது. உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். இருக்கை குறுகலாக இருந்தால், அல்லது அதன் மூக்கு, அதாவது முன்முனை, மேல்நோக்கி இருந்தால், பாரம் அந்த எலும்புகளை விட்டு நடுவிலுள்ள மென்பகுதிக்கு வந்து, அங்கே செல்லும் நரம்பையும் இரத்தக் குழாய்களையும் அழுத்துகிறது. அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் சைக்கிளில் ரோந்து செல்லும் 90 காவலர்களுக்கு மூக்கில்லாத இருக்கைகளைக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தது; மரத்துப்போதலே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்தனர். ரோடு பைக்கில் மூக்கில்லாத இருக்கை வண்டியைக் கட்டுப்படுத்தச் சிரமம் தரலாம். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள, எலும்பு முனைகளின் அகலத்துக்கேற்ற இருக்கை பெரும்பாலோருக்குப் போதும். மெத்தென்ற தடித்த ஜெல் இருக்கை இதற்குத் தீர்வன்று. எலும்புகள் அதில் புதைய, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தத்தைக் கூட்டிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற சமதளப் பாதைகளில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய தேவையே வராததால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து இரத்த ஓட்டத்துக்கு வழிவிட வேண்டும்.

கைகளிலும் இதே கதைதான். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதியில் அல்நார் நரம்பு தோலுக்கு அருகிலேயே செல்கிறது. அங்கே பாரம் இறங்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகும். கையுறை ஓரளவு உதவும். ஆனால் இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்து உடலைத் தொடர்ந்து முன்னுக்கு வழுக்கிக்கொண்டிருந்தால், எந்தக் கையுறையாலும் பயனில்லை. முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும். ஹேண்டில்பாரின் அகலம் தோள்மூட்டுகளின் அகலத்தை ஒட்டியிருந்தால் போதும்.

காலணியைப் பெடலோடு பிணைக்கும் கிளீட்டைத் தவறாகப் பூட்டினால், பாதம் இயல்பாகத் திரும்ப விரும்பும் கோணத்துக்கு எதிராக முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கப்படுகிறது; வலி மூட்டின் உட்பக்கமோ வெளிப்பக்கமோ வரும். ஷிமானோவின் மஞ்சள் கிளீட் 6 பாகையும் நீலம் 2 பாகையும் அசைய விடும். சிவப்பில் அசைவே கிடையாது. புதியவர்கள் மஞ்சளிலிருந்து தொடங்குவதே முறை. கிளீட்டைக் கட்டைவிரல் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் குதிகால் நாணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கிராங்கின் நீளம் குறித்த எண்ணம் அண்மையில் வெகுவாக மாறியிருக்கிறது. நீண்ட கிராங்க் அதிக நெம்புவிசை தரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களைச் சோதித்தபோது, உச்ச ஆற்றலில் இருந்த வேறுபாடு நான்கு சதவீதம் அளவே. 2024இல் ஸ்லோவேனியப் பந்தய வீரர் டாடெய் பொகாச்சர் 165 மி.மீ. கிராங்குக்கு மாறியது பலரின் கவனத்தை ஈர்த்தது. கிராங்கை 5 மி.மீ. குறைத்தால், காலின் நீட்சி மாறாமலிருக்க இருக்கையை 5 மி.மீ. உயர்த்துகிறோம், அப்போது பெடலின் மேற்புள்ளிக்கும் இருக்கைக்கும் இடையே 10 மி.மீ. கூடுதல் இடம் பிறக்கிறது. முழங்கால் அவ்வளவுக்கு மார்பை நோக்கி ஏறுவதில்லை. இடுப்பு மூட்டு நெருக்கப்படுவதில்லை. குட்டையானவர்களுக்கும் இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்கும் இந்த மாற்றம் பெரிய ஆறுதல். சிறிய ஃபிரேம்களிலும்கூடப் பல நிறுவனங்கள் 170 மி.மீ. கிராங்கையே பொருத்தி விற்பது வருத்தத்துக்குரியது.

மாற்றங்களைச் செய்யும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும், மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாமல் மாற்றி, சில சவாரிகளுக்குப் பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். முதலில் இருக்கையின் உயரம், பிறகு முன்பின் நிலை, பிறகு சாய்வு, கடைசியில் ஹேண்டில்பார். பழைய நிலையை ஒரு நாடாவால் குறித்துவைத்தால், காரில் ஏற்றி இறக்கும்போதோ திருகு தளர்ந்தோ இருக்கை இறங்கியிருப்பதையும் கண்டுபிடிக்கலாம். கார்பன் பாகங்களில் எழுதப்பட்ட அளவுக்கே, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் கொண்டு திருகுகளை முடுக்க வேண்டும். சவாரி முடிந்து மறுநாளும் மரத்துப்போதல் நீங்காவிட்டாலோ, முழங்கால் வீங்கினாலோ, வண்டியைச் சரிசெய்துகொண்டே ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அழற்சி அடங்காத மூட்டில் எடுக்கும் எந்த அளவும் நம்பத் தகுந்ததாக இராது.