பச்சைப் புடவை மணப்பெண்ணை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன்

போன வாரம் ஒரு தம்பி வேலை கேட்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். கல்யாணங்களில் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது படம் எடுக்க ஆள் தேடுகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டேப்லெட்டைத் திறந்து போர்ட்ஃபோலியோவை, அதாவது தன் வேலையைக் காட்டும் படத் தொகுப்பைக் காட்டினார். முதல் படமே அசத்தல். மரச் சன்னலோரம் பச்சைப் பட்டுடுத்திய மணப்பெண், இடது பக்கத்திலிருந்து மெத்தென்ற வெளிச்சம், ஜிமிக்கியில் மட்டும் சின்னதாக ஒரு மினுக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பெண், அதே புடவை, அதே சன்னல். இந்த ஒரே மாதத்தில் அவரைப் பார்ப்பது மூன்றாவது முறை. மூன்று முறையும் மூன்று வேறு வேறு பேர் "நான் எடுத்தது" என்று காட்டினார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. காசு கட்டிச் சேரும் ஒருநாள் பயிற்சிப் பட்டறையில் எடுத்தது. மாடல், மேக்கப், புடவை, லைட் எல்லாம் அங்கேயே தயாராக இருக்கும். நாம் கேமராவோடு போய் வரிசையில் நின்றால் போதும்.

"ஆனா ஷட்டரை அழுத்தினது நான்தானே அண்ணா?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஊரே சேர்ந்து சமைத்த சாம்பாரில் கடைசியாகத் தாளித்துக் கொட்டியவர் சமையல்காரர் ஆகிவிடுவாரா? அந்தப் பெண்ணைச் சன்னலோரம் நிறுத்தியது யார்? வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று முடிவு செய்தது யார்? "கொஞ்சம் தலையைக் குனிங்கம்மா" என்று சொன்னது யார்? பட்டறை நடத்தியவர். பட்டறைக்குப் போவது தப்பே இல்லை, நானும் போயிருக்கிறேன். அங்கே கற்றதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அங்கே எடுத்த படத்தை "என் வேலை" என்று கல்யாண வீட்டாரிடம் நீட்டாதீர்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால் கீழே "பயிற்சியில் எடுத்தது" என்று போடுங்கள். அந்த இரண்டு வார்த்தைக்கே பாதிப் பேர் கூச்சப்படுகிறார்கள். அப்படியென்றால் விஷயம் அவர்களுக்கும் தெரிகிறது என்றுதானே அர்த்தம்?

நான் ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், படத்தைப் பார்க்கிற பெண்ணின் அப்பாவுக்கு மாடலும் தெரியாது, பட்டறையும் தெரியாது. "நம்ம பொண்ணும் இப்படி இருப்பா" என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்கிறார். ஆறு மாதம் முன்பு அப்படி ஓர் அப்பா ஹார்டு டிஸ்கோடு என்னிடம் வந்தார். வேறு ஒரு பையன் எடுத்த கல்யாணம். விடிகாலை முகூர்த்தம், மண்டபம் முழுக்க எல்இடி. தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். மாப்பிள்ளையின் கை மேல் குறுக்கே கறுப்புப் பட்டைகள், பெண்ணின் பாதி முகத்தில் ஊதா வெளிச்சம், முன்னால் ஒரு சித்தப்பாவின் செல்போன். அடுத்தடுத்து பதினோரு படங்கள், பதினொன்றிலும் அதே பட்டை. எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டும், அதுதான் பட்டையாக விழுந்திருக்கிறது. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே வைத்து அடித்திருக்கிறான். மெக்கானிக்கலுக்கு மாற்றி ஷட்டர் வேகத்தை 1/100 நொடிக்கு இறக்கியிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஏன் 1/100 என்று கேட்பவர்கள் தயவுசெய்து அதைப் படித்துவிட்டு அப்புறம் கல்யாணம் எடுக்கப் போங்கள்.

"கிராபிக்ஸ்ல சரி பண்ணிடலாமா சார்?" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். போகும்போது அந்தப் பையனின் போர்ட்ஃபோலியோவைத் தன் போனில் காட்டினார். எல்லாமே சாயங்கால வெயிலில், கடற்கரையில் எடுத்தவை. மண்டபத்துக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, எந்த வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்த வேலையைக் காட்டுங்கள். கல்யாணம் என்றால் மோசமான வெளிச்சத்தில் எடுத்த மண்டபப் படம் வேண்டும். ஹோமப் புகைக்கு நடுவே ஒன்று. நாற்பது பேர் நிற்கும் குரூப் போட்டோ ஒன்று, எல்லோர் கண்ணும் திறந்திருக்க வேண்டும். குரூப் போட்டோவைக் கேவலமாக நினைக்கிற கேண்டிட்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இருபது வருடம் கழித்து அந்த வீட்டில் தேடப்போவது அந்தப் படத்தைத்தான். இதெல்லாம் போக, ஒரே கல்யாணத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை எடுத்த முழுத் தொகுப்பு ஒன்றும் கையில் இருக்கட்டும். ஐம்பது கல்யாணத்தில் பொறுக்கிய ஐம்பது படம் உங்கள் அதிர்ஷ்டத்தைத்தான் காட்டும். ஒரே கல்யாணத்தின் முந்நூறு படத்தில்தான் உங்கள் வேலை தெரியும்.

அந்த முழுத் தொகுப்பு தவிர எத்தனை படம் என்றால், இருபதுக்குள். இருநூறு படம் கொண்டுவருகிறவர்களின் பேச்சைக் கேட்டால், எண்ணிக்கை கூடினால் சம்பளம் கூடும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பார்க்கிறவர் மனதில் நிற்பது உங்களின் ஆக மட்டமான படம்தான். பொறுக்கத் தெரியவில்லையென்றால் அறுபது படத்தைச் சின்னதாக, மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எடுக்கப் பட்ட கஷ்டத்துக்காக மட்டும் வைத்திருக்கும் படத்தையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் மரத்தில் ஏறினீர்களா என்பது பார்க்கிறவருக்குத் தேவையில்லை. மிச்சத்தை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள்.

பிரிண்ட் என்றதும் இன்னொன்று. போனில் 1080 பிக்ஸல் அகலத்தில் பளபளக்கும் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் நாலு அங்குலம்கூட வராது. நாம் விற்பதோ, இரண்டு பக்கத்தையும் விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் ஆல்பம். அதன் ஒரு பக்கத்துக்கே 3600க்கு 5400 பிக்ஸல் வேண்டும். அச்சில் ஃபோகஸ் விட்டது தெரியும், அதிகமாக இழுத்த சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) தெரியும், பிளாஸ்டிக் மாதிரி தேய்த்த தோலும் தெரியும்.

தோல் என்றதும் கெஞ்சிக் கேட்கிறேன்: கறுத்த பெண்ணை வெளுப்பாக்காதீர்கள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் மட்டும் சுண்ணாம்பு. அப்படி ஒரு படம் இருந்தால் அதற்கு மேல் நான் புரட்டுவதில்லை.

அப்புறம் அனுமதி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் அல்ல. புக்கிங் தாளிலேயே "போர்ட்ஃபோலியோவில் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகவும் கேளுங்கள். இன்னொருவர் குழுவில் இரண்டாம் கேமராவாகப் போனீர்களா? அவரைக் கேட்காமல் ஒரு படமும் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உறவே முறிந்த கதை எனக்கு நாலைந்து தெரியும்.

பச்சைப் புடவைத் தம்பிக்கு வருகிறேன். "பட்டறை இல்லாம, நீயா எடுத்தது ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி போனைத் தேடினார். அவர் மாமா பெண் கல்யாணம். ட்யூப் லைட்டுக்குக் கீழே மொய் எழுதும் மேசை, காதில் பேனா செருகிய பெரியவர், நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பின்னால் ஒரு பாட்டி, தன் பெயரைச் சரியாக எழுதுகிறாரா என்று நோட்டை எட்டிப் பார்க்கிறாள்.

"இதை ஏன் வைக்கல?"

"நாய்ஸ் இருக்குண்ணா, படம் பூரா புள்ளி புள்ளியா."

அதையே முதல் படமாக வைத்துக்கொண்டு பதினைந்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன்.