தாதா நடந்து வந்தால் திரை ஏன் கனக்கிறது?

மலையாள கேங்ஸ்டர் படங்களில் தாதா ஓடுவது அபூர்வம். நடப்பார், அதுவும் மெதுவாக. 2007-ல் அமல் நீரத் இயக்கிய 'பிக் பி'யில் மம்மூட்டி ஏற்ற பிலால் நடந்து வரும் காட்சிகள் இந்தப் பாணிக்கு இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றன. அந்த நடை நமக்குள் கிளப்பும் அச்சத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது புவியீர்ப்பில் தொடங்குகிறது.

திரையில் படம் நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓடுகிறது. நொடிக்கு 48 ஃபிரேம் எடுத்து 24-ல் ஓட்டினால் எல்லாம் இரண்டு மடங்கு மெதுவாகும். படப்பிடிப்புத் தளத்தில் இதற்குப் பெயர் 'ஹைஸ்பீட்'. மேலிருந்து விழும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர் இறங்கும். 48-ல் எடுத்ததைத் திரையில் பார்த்தால் முதல் நொடியில் 1.2 மீட்டர்தான் இறங்கியிருக்கும். அதாவது நேரம் இரண்டு மடங்கு நீண்டால், ஈர்ப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் ஈர்ப்பு மாறிவிட்டது என்று நம் கண் நம்புவதில்லை. அந்த உருவம் பெரியது என்றே எடுத்துக்கொள்கிறது. நடக்கும் கால் ஓர் ஊசல். ஊசலின் நீளம் நான்கு மடங்கானால் அதன் அலைவு நேரம் இரண்டு மடங்காகும். யானையின் நடை நிதானமாகத் தெரிவது இதனால்தான். 48 ஃபிரேமில் நடந்து வரும் 6 அடி ஆள், 24 அடி உருவத்தின் தாளத்தில் கால் வைக்கிறார்.

மினியேச்சர் காட்சிகளை எடுப்பவர்களின் சூத்திரமும் இதுவே. நான்கில் ஒரு பங்கு அளவில் செய்த கட்டடம் இடிந்து விழுவதை 48-ல் எடுப்பார்கள். பதினாறில் ஒரு பங்கு என்றால் 96-ல். குட்டிப் பொம்மையை நிஜக் கட்டடமாக நம்பவைக்கும் அதே வித்தை, நிஜ மனிதரைப் பூதாகரமாக்குகிறது.

அப்படியானால் இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், நடைக்கு அது ஒத்துவராது. சாதாரண நடையில் நொடிக்குச் சுமார் 2 காலடி வைக்கிறோம். 48-ல் அது நொடிக்கு ஒன்றாகும். 96-ல் ஒரு காலடிக்கு 2 நொடி ஆகிவிடும். அப்போது கன்னச் சதை அதிர்வதும் உதடு துடிப்பதும் தனியாகத் தெரிய ஆரம்பித்து, மிடுக்கு போய் உடல் வெறும் சதையாகிவிடும். கண் சிமிட்ட 0.3 நொடி என்றால் 96-ல் அது 1.2 நொடி. தாதா தூங்கி வழிவதுபோல் இருக்கும். அதனால்தான் ஷாட் முடியும்வரை சிமிட்ட வேண்டாம் என்று நடிகரிடம் சொல்கிறார்கள். நடைக்கு 48, அடி விழும் கணத்துக்கு 96, உடையும் கண்ணாடிக்கு அதற்கும் மேல் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அடுத்த சிக்கல் ஒளி. ஒளியை விட்டு மூடும் ஷட்டர் 180 டிகிரியில், அதாவது பாதிச் சுற்றுக்குத் திறந்து இருந்தால், 24-ல் ஒரு ஃபிரேமுக்கு 1/48 நொடி ஒளி கிடைக்கும். 96-ல் 1/192 நொடிதான். ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்; ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப் என்பதால், இது 2 ஸ்டாப் இழப்பு. விளக்குகளை நான்கு மடங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸின் துளையை 5.6-லிருந்து 2.8-க்குத் திறக்க வேண்டும் (எண் குறைந்தால் துளை பெரிது). திறந்தால் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தூர அளவு, சுருங்கும். 85 எம்எம் லென்ஸில், 3 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளுக்கு 2.8-ல் கிடைப்பது 17 செ.மீ. அளவுதான். நேராகக் கேமராவை நோக்கி நடப்பவர் அதை ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கில் கடந்துவிடுவார். ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் கால் நொடி தவறவிட்டால், திரையில் முகம் ஒரு முழு நொடி மங்கிக் கிடக்கும். ஃபிலிம் காலத்தில் சுருளும் சேர்ந்து கரைந்தது. 24-ல் 11 நிமிடம் ஓடும் 1000 அடிச் சுருள், 96-ல் 2 நிமிடம் 46 நொடியில் தீரும். மோட்டார் முழு வேகத்தை எட்டும்வரை முதல் ஃபிரேம்கள் வெளுத்துப்போவதால், அதன் பிறகே ஆக்‌ஷன் சொல்ல வேண்டியிருந்தது.

ஹைஸ்பீட் ஷாட்டை அதிகம் கெடுப்பது மின்சாரம். நம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ்; எனவே ட்யூப்லைட்டும் சோடியம் தெருவிளக்கும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 96-ல் எடுக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4. திரையில் நேரம் நான்கு மடங்கு நீள்வதால், சுவர் நொடிக்கு ஒருமுறை மங்கி மீளும். பாதித் திரையை அடைக்கும் பழைய கொச்சிக் கிடங்குச் சுவர் இப்படித் துடித்தால், அதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு. 48-க்கு எளிய தீர்வு உண்டு. ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 1/100 நொடி, அதாவது ஒரு முழுத் துடிப்பு பதிவாகும். துடிப்பின் எந்தப் புள்ளியில் ஷட்டர் திறந்தாலும் மொத்த ஒளி ஒன்றே. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் 96-ஐ விட்டுவிட்டு 100-ல் எடுப்பதே மேல். ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் அதே இடத்தில் விழும். ஆனால் விளக்குகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் ஒன்று பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் நின்றுவிடும். லைன் அதிர்வெண்ணும் சற்று நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே ஒத்திகையிலேயே ஒரு முழு ஷாட் எடுத்துப் பார்க்காமல் இறங்கக்கூடாது. தடித்த இழை கொண்ட 5 கிலோவாட், 10 கிலோவாட் டங்ஸ்டன் விளக்குகள் இந்தத் தொல்லை தருவதில்லை. துடிப்புகளுக்கு நடுவே அவற்றின் இழை குளிர நேரம் கிடையாது. எச்எம்ஐ எனும் வாயு விளக்கு என்றால், துடிப்பை நீக்கும் எலக்ட்ரானிக் பாலஸ்ட் (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கட்டாயம்.

மழை இல்லாத கேரளக் கும்பல் மோதலைக் கற்பனை செய்வது கடினம். பெரிய மழைத்துளி நொடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தில் விழும். 24-ல், 1/48 நொடியில் அது 17 செ.மீ. நகர்ந்துவிடுவதால் வெள்ளைக் கோடாகப் பதிவாகும். 96-ல் அதே துளி 4 செ.மீ. கீற்றுதான், கிட்டத்தட்ட மணிபோல் தொங்கும். பின்னாலிருந்து ஒளி பட்டால்தான் இது கண்ணுக்குத் தெரியும். முன்பக்க விளக்கில் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் மழை காணாமல் போகும்.

சாதாரண வேகத்தில் வந்து திடீரென மெதுவாகும் ஷாட்டில், ஃபிரேம் எண்ணிக்கை ஏறும்போதே ஷட்டரும் விரிய வேண்டும். 24-ல் 45 டிகிரியில் தொடங்கி 96-ல் 180 டிகிரியில் முடித்தால், இரு முனையிலும் 1/192 நொடி, ஒளி மாறாது. இதற்கான விலை, தொடக்கத்தில் அசைவு சற்று வெட்டி வெட்டித் தெரிவது. 24-ல் எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் இழுப்பவர்களும் உண்டு. இல்லாத ஃபிரேம்களை மென்பொருள் ஊகித்து வரையும். முண்டின் ஓரம், சக்கரக் கம்பிகள், மழை ஆகிய மூன்றிலும் அது பெரும்பாலும் சறுக்கும். நடை தெளிவாக வேண்டுமானால் கேமராவிலேயே எடுத்துவிட வேண்டும்.

இப்படி எடுத்த ஷாட்டுக்குத் தளத்தின் ஒலி பயன்படாது. காலடியும் துணியின் சரசரப்பும் பிறகு ஸ்டுடியோவில் சேர்க்கப்படுபவை. அதனால் மிச்ச வேலை முழுக்க இசையின் தலையில். நிழலுலகத் தலைவன் அலெக்சாண்டரைப் பற்றிய 'சாம்ராஜ்யம்' (1990) படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜாவின் பின்னணி இசைதான் அலெக்சாண்டரைத் தூக்கி நிறுத்தியது. 48-ல் எடுத்த நடை திரையில் நிமிடத்துக்குச் சுமார் 60 காலடி. தீம் இசையின் தாளம் 60 அல்லது 120 என்று அமைந்தால் ஒவ்வொரு காலடியும் தாளத்தின் மேல் விழும். தீம் முன்பே தயாராக இருந்தால் அதைத் தளத்தில் இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்தத் தாளத்துக்கு நடிகரை நடக்கச் சொல்லலாம். எடிட்டில் ஒரு ஃபிரேமைக்கூட நகர்த்த வேண்டியிராது.