வளைவது முதுகு, வாங்கிக்கொள்வது இடுப்பு

பாவாடையின் கரை ஒரு பக்கம் ஏறி நிற்கும். கடலூர் மஞ்சக்குப்பத்துத் தையல்காரர் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். உடுத்தினால் மறுபடியும் ஏறும். கோளாறு தையலில் இல்லை, இடுப்பில். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ், பதின்வயதுப் பெண்களிடம் இப்படியும் வீட்டாரின் கண்ணில் படுவதுண்டு.

எக்ஸ்-ரேயில் வளைவு 10 டிகிரியை எட்டினால் அதற்கு இந்தப் பெயர். நூறு பதின்வயதினரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. வளைவு பெரிதாகிக்கொண்டே போகும் ஆபத்து பெண்பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. புத்தகப் பையின் கனமோ, கோணலாக உட்காருவதோ இதை உண்டாக்குவதில்லை. அதற்காகப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம்.

முள்ளெலும்புகள் சாய்வதோடு நிற்பதில்லை, திருகிக்கொள்ளவும் செய்கின்றன. கடைசி முள்ளெலும்பு, இடுப்பின் பின்புறத்து முக்கோண எலும்பான திரிக எலும்பின்மேல் அமர்ந்திருக்கிறது. திரிக எலும்போ இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருக்கிறது. அதனால் கீழ்முதுகில் வளைவு விழும்போது இடுப்பும் சேர்ந்து ஒரு பக்கம் உயரலாம், ஒரு பக்கம் முன்னால் திரும்பலாம். கால்கள் தரையில் நேராக ஊன்றியிருக்கும். மேலே இடுப்பு மட்டும் கோணியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வது தொடை மூட்டு.

இதைப் பரதநாட்டிய வகுப்பில் கண்கூடாகப் பார்க்கலாம். சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் ஆட வேண்டும் என்ற கனவோடு கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ பிள்ளைகள், முழங்கால்களை மடக்கி வெளிப்புறம் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் பழகுகிறார்கள். அரைமண்டிக்கு இரண்டு தொடைகளும் ஒரே அளவு வெளிப்புறம் திரும்ப வேண்டும். இடுப்பின் வலப்பக்கம் முன்னால் திரும்பியிருந்தால், வலத்தொடை மூட்டு தன் வெளிச்சுழற்சியில் ஒரு பங்கை நேராக நிற்கும்போதே செலவழித்துவிடுகிறது. மீதமிருப்பது குறைவு. எனவே வலமுழங்கால் இடதைவிடக் குறைவாகத்தான் விரியும். இதைச் சோம்பல் என்று நினைத்து ஆசிரியர் முழங்காலை அழுத்தித் தள்ளினால் மூட்டுக்குத்தான் கேடு. இரு பக்கமும் ஒரே அளவாக இல்லாத அரைமண்டி எல்லாம் ஸ்கோலியோசிஸ் என்று எண்ணிவிடவும் கூடாது. மூட்டின் அமைப்பே ஆளுக்கு ஆள், பக்கத்துக்குப் பக்கம் மாறுபடும்.

நடையிலும் இதே கதைதான். ஒரு காலைத் தூக்கும்போது ஊன்றிய காலின் பக்கவாட்டுப் பிட்டத் தசைதான் இடுப்பு சரியாமல் பிடித்துக்கொள்கிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்பிள்ளைகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இடுப்பின் பக்கவாட்டு அசைவு குறைந்திருந்தது. கீழ்முதுகுத் தசைகளும் இடுப்புத் தசைகளும் ஒவ்வொரு எட்டிலும் கூடுதல் நேரம் இறுகியே இருந்தன. நடக்கச் செலவான ஆற்றல் சுமார் 30 விழுக்காடு அதிகம். வளைவு சிறிதா பெரிதா என்பதைப் பொறுத்து இது பெரிதாக மாறவும் இல்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தோழிகளோடு நடந்து வரும் பெண், மற்றவர்களுக்கு முன்பே "கால் வலிக்கிறது, உட்காரலாமா?" என்று கேட்டால் அதைப் பாசாங்கு என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்திவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்லும் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எல்லாரையும்போல ஓடலாம், ஆடலாம். இடுப்புத் தசைகள் வலுப்பெறுவது அவர்களுக்கு நல்லதே.

வளைவு கூடுமா என்பதைச் சொல்வதிலும் இடுப்பெலும்புக்குப் பங்கு உண்டு. அதன் மேல்விளிம்பில் எலும்பாக மாறிவரும் பகுதியைப் பார்த்து, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்று கணிக்கும் முறையை ஜோசப் ரிஸ்ஸர் 1958-இல் எழுதினார். வளர்ச்சி மிச்சமிருந்து, வளைவு 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்தால், உடலைச் சுற்றி அணிந்து முதுகைத் தாங்கும் பிரேஸ் என்ற கவசத்தை அணியச் சொல்வார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமலேயே வளர்ச்சி முடிந்தது. அணியாதவர்களில் 48 விழுக்காடு. 50 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கால்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைக் கூப்பியபடி பிள்ளையை முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்தால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையை உட்காரவைத்ததும் வளைவு மறைந்துவிட்டால் கால்களின் நீள வித்தியாசமே காரணமாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு தொடை மூட்டுகளும் எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்து எழுதித்தரும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போகும்போது ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.