தானே தானியம் கேட்டு வாங்கும் கல்

உத்தராகண்டின் கட்வால் மலைப்பக்கம் போய்வந்த வாசகி ஒருவரின் கேள்வி: "ஓடைக்கரையில் இடிந்த கல்வீடு ஒன்று. 'கராட்' என்றார்கள், தண்ணீரால் ஓடிய மாவு மில்லாம். உள்ளே திரிகைக்கல் கிடக்கிறது. படங்களில் பார்க்கும் பெரிய சக்கரம் எங்கே போயிற்று?"

சக்கரம் தரைக்கு அடியில் இருந்தது. படங்களில் வருவது நிமிர்ந்து நிற்கும் ஐரோப்பியச் சக்கரம். அதன் அச்சு படுத்திருக்கும் என்பதால் கல்லைச் சுழற்றப் பல்சக்கரங்கள் வேண்டும். கராட்டில் சக்கரம் படுத்திருக்கும், அச்சு நிற்கும், அச்சின் தலையில் மேல்கல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஒரு சுற்று என்றால் கல்லும் ஒரு சுற்று. நேபாளத்தில் இதையே 'கட்டா' என்பார்கள், லடாக்கில் 'ரந்தக்'.

ஓடையிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, செங்குத்தான மரத்தொட்டி வழியாக நீரைச் சக்கரத்தின் பலகைகள் மேல் பாய்ச்சுவார்கள். விநாடிக்கு 50 லிட்டர், 4 மீட்டர் வீழ்ச்சி என்று வைத்தால் கிடைப்பது 1,960 வாட். அதில் கால் பங்கு கல்லுக்குப் போய்ச் சேர்ந்தால் சுமார் 490 வாட், அதாவது சின்ன மிக்ஸி ஒன்றின் மோட்டார். மணிக்கு 10 முதல் 20 கிலோ மக்காச்சோளம் அரைக்க அது போதும்.

அச்சின் கீழ்முனை, ஓர் உத்தரத்தில் பதித்த கெட்டியான கல்லின் குழியில் சுழலும். அந்த உத்தரத்தின் ஒரு முனையை நெம்பி உயர்த்தினால் அச்சோடு மேல்கல்லும் மயிரிழை உயரும், மாவு குருணையாகும். இறக்கினால் நைசாகும். அதிகம் இறக்கிவிட்டால் கல்லோடு கல் உரசி மாவில் மணல் நறநறக்கும். அம்மி கொத்துவது போலவே இந்தக் கற்களையும் அவ்வப்போது கொத்த வேண்டும். கொத்தாத கல் தானியத்தை வெட்டாது, நசுக்கிச் சூடாக்கும்.

இனி, இந்த எந்திரத்திலேயே மிக அழகான பாகத்துக்கு வருவோம். அது ஒரு குச்சி.

கல்லுக்கு மேலே கூம்புக்கூடையில் தானியம். கூடையின் வாய்க்குக் கீழே, கயிற்றில் தொங்கும் சிறு மரத்தகடு. அந்தத் தகட்டில் கட்டிய குச்சியின் மறுமுனை, சுழலும் மேல்கல்லின் சொரசொரப்பான முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். கல் ஓட ஓடக் குச்சி துள்ளும், தகடு அதிரும், தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் கண்ணில், அதாவது நடுத்துளையில், விழும். இவ்வளவுதான். ஆனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மழையில் ஓடை பெருகினால் கல் வேகமெடுக்கும். குச்சி இன்னும் வேகமாகத் துள்ளி, அதிகத் தானியத்தைக் கொட்டும். அரைக்கும் சுமை கூடியதும் கல்லின் வேகம் அடங்கும். கோடையில் நீர் குறைந்தால் குச்சி சோம்பும், தானியமும் குறையும், கல் திணறி நிற்காது. கல் தன் பசிக்கு ஏற்பத் தானே கேட்டு வாங்குகிறது! பொறியியல் மாணவர்கள் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பக்கம் பக்கமாகச் சமன்பாடு போட்டுப் படிப்பதை ஒரு குச்சி செய்கிறது. ஆளுக்கு மிஞ்சும் வேலை, கயிற்றை இழுத்துத் தகட்டின் சரிவைத் திருத்துவது மட்டும்தான். மக்காச்சோளத்துக்குச் சரிவு அதிகம். அங்கே 'மண்டுவா' எனப்படும் நம் கேழ்வரகு சிறிய மணி, எளிதில் உருளும், அதனால் சரிவு குறைவு.

கராட்டில் இரவில் பேய் மாவரைக்கும் என்ற கதை மலைக் கிராமங்களில் உண்டு. கூடை காலியானால் கல்லுக்குச் சுமையில்லை. வெறுங்கல் தறிகெட்டு ஓடும், குச்சி படபடக்கும், கல்லோடு கல் உரசினால் பொறிகூடப் பறக்கலாம். ஆளில்லாத ஓடைக்கரையில், இருட்டில், இந்தச் சத்தத்துக்குப் பேய் எதற்கு? சுமையில்லாத சுழற்சி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

கராட்டுகளை மூடவைத்தது பேயல்ல, வேறு காரணங்கள். சாலை வந்ததும் டீசல் மில் வந்தது, பிறகு மின்சார மில். மாவில் ஒரு பங்கைக் கூலியாக எடுத்துக்கொண்ட கராட்காரருக்கு அந்த வருமானம் கட்டுப்படியாகவில்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் தலைமடை அடித்துக்கொண்டு போனது. வாய்க்காலைச் செப்பனிட ஊரில் இளைஞர்கள் இல்லை.

இத்தனைக்கும் திருத்தம் கடினமானதே அல்ல. தட்டைப் பலகையில் மோதித் தெறிக்கும் நீரிலிருந்து, கணக்குப்படியே பாதி ஆற்றலுக்கு மேல் எடுக்க முடியாது. பலகையைக் கிண்ணமாக வளைத்தால் நீர் திரும்பி, வேகமிழந்து வெளியேறும். 1880இல் அமெரிக்கரான லெஸ்டர் பெல்டன் காப்புரிமை பெற்ற நீர்ச்சக்கரத்தின் தத்துவமும் அதுதான். இரும்புக் கிண்ணச் சக்கரம், எஃகு அச்சு, பால் பேரிங் என்று மாற்றினால் அதே தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு அரைக்கலாம்; இரவில் பெல்ட் மாட்டி விளக்கும் எரிக்கலாம். அனில் பிரகாஷ் ஜோஷி தொடங்கிய, டேராடூனில் இயங்கும் ஹெஸ்கோ என்ற தொண்டு அமைப்பு இத்தகைய மாற்றங்களைச் செய்து காட்டியிருக்கிறது. பெரிய அணைகளுக்கான ஆய்வில் செலவாகும் பணத்தில் ஒரு துளி இந்த 500 வாட் எந்திரங்களுக்கு வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீருக்குள் பல ஆண்டுகள் தாங்கும் மலிவான பேரிங் ஒன்றை வடிவமைப்பதும் கௌரவமான ஆராய்ச்சிதான்.

வாசகி மறுபடி போனால், தரைப்பலகைக்குக் கீழே, நீர் வெளியேறும் வழியில் குனிந்து தேடட்டும். சக்கரம் மட்கியிருக்கும். ஆனால் நடுவில் வழவழப்பான குழியுள்ள சின்னக் கல் ஒன்று கிடைக்கலாம். அச்சு நின்று சுழன்ற இடம் அது.