சூயிங் கம்: பிசினா, பாலா, பசையா?

பெட்டிக்கடையில் ‘சுவிங்கம்’, பள்ளிப் பிள்ளைகள் வாயில் ‘பபுள்கம்’, எழுத்தில் ‘சூயிங் கம்’. ‘சுவிங்கம்’ என்று கேட்கும்போது ‘சுவை’யோடு ஏதோ உறவு இருப்பதுபோலத் தோன்றும். ஒன்றும் கிடையாது. ‘சூயிங்’ என்றால் மெல்லுதல், ‘கம்’ என்றால் பிசின், அவ்வளவுதான்.

இதில் நெடுந்தூரம் நடந்து வந்த சொல் ‘கம்’. பழைய எகிப்திலிருந்து கிரேக்கத்துக்கு ‘கொம்மி’யாகப் போய், லத்தீனில் ‘கும்மி’யாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. எகிப்தில் பெயர்பெற்ற பிசின் வேல மரத்துப் பிசின். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில், பட்டை வெடித்த இடத்தில் தேன் நிறத்தில் உருண்டு நிற்கும். பிய்த்து வாயில் போட்டால் கொஞ்ச நேரம் பல்லில் ஒட்டும், வழவழக்கும், அப்புறம் கரைந்து காணாமல் போகும். பிசின் எச்சிலில் கரையும். சூயிங் கம் கரையாது; ஒரு மணி நேரம் மென்றாலும் இனிப்புதான் போகும், சக்கை அப்படியே கிடக்கும். அப்படியானால் அது பிசினே இல்லையே?

இல்லைதான். இன்றைய சூயிங் கம்முக்கு வழிவிட்டது சப்போட்டா மரத்தின் பால். மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் பட்டையைக் கோணல்மாணலாகக் கீறி, வடியும் பாலைக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். அதற்குப் பெயர் ‘சிக்லே’. நியூயார்க்கில் தாமஸ் ஆடம்ஸ் அதை ரப்பருக்கு மாற்றாக்கப் பார்த்தார், ஆகவில்லை. சரி என்று மெல்லுவதற்கு விற்றார். 1871-இல் அதைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார்.

அரைப்பழமாக இருக்கும் சப்போட்டாவை அவசரப்பட்டுக் கடித்தவருக்கு அந்தப் பால் தெரியும். உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. பாலைப்பழமும் அப்படித்தான். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், வவுனியாக் காடுகளில் அது நிறைய; நம் கிழக்குக் கரையோரக் காடுகளிலும் உண்டு. சப்போட்டாவும் பாலையும் ஒரே பேரினம். சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு வேர்ச்செடியாகப் பாலையை வைப்பது நர்சரிக்காரர்களுக்குப் பழகிய வேலை.

இப்போதைய கம்மில் சிக்லே அநேகமாகக் கிடையாது. உறையில் ‘கம் பேஸ்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதற்குள் பாலிஐசோபியூட்டிலீன் என்ற செயற்கை ரப்பர், மரவேலை வெள்ளைப் பசையில் இருக்கும் பாலிவினைல் அசிட்டேட், மெழுகு என்று பலதும் இருக்கலாம். மீதி சர்க்கரையோ, அதற்கு மாற்றான சார்பிட்டாலோ சைலிட்டாலோ, காய்ந்துபோகாமலிருக்கக் கிளிசரின், புதினா வாசனை. தலைமுடியில் ஒட்டினால் தண்ணீர் உதவாமல், தேங்காய் எண்ணெய் தேய்த்ததும் இளகி வருவது அந்த ரப்பராலும் மெழுகாலும்தான்.

‘மெல்லும் கோந்து’ என்று சிலர் எழுதுகிறார்கள். கோந்து வடக்கேயிருந்து வந்த சொல், அதுவும் தண்ணீரில் கரையும் பிசினையே குறிப்பது. ‘ஜவ்வு மிட்டாய்’ வேறு பண்டம். மூங்கில் கம்பில் சுற்றிக்கொண்டு வந்து பிள்ளைகள் கையில் வாட்ச் கட்டிவிடுவாரே, அது. என் தேர்வு ‘மெல்பசை’. மெல்லும் பசை என விரியும் வினைத்தொகை. மரப்பாலானாலும் ஆலைச் சரக்கானாலும் பசை பசைதான். முட்டை விடுகிற பபுள்கம்முக்கு ‘ஊதுபசை’ போதும்.

உடம்புக்கு எப்படி? சர்க்கரை போட்டது பல்லுக்குக் கேடு. சர்க்கரை இல்லாததைச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம் மென்றால் எச்சில் ஊறி, பல்லை அரிக்கும் அமிலம் தணியும். அதற்காகப் பல் துலக்காமல் இருக்க முடியாது. சார்பிட்டால் வகையை அளவில்லாமல் மென்றால் பேதியாகும். ஓயாமல் மெல்லுகிறவருக்குத் தாடைப்பூட்டு வலிக்கும். விழுங்கினால் குடலில் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை மிரட்டுவது சும்மா. ஒன்றிரண்டு போனால் மலத்தோடு வெளியேறிவிடும். அடிக்கடி விழுங்கும் சிறு குழந்தைக்குத்தான் அடைப்பு வரக்கூடும்.

புகையிலையை விட நினைப்பவர்களுக்கென 2, 4 மில்லிகிராமில் நிக்கோட்டின் மெல்பசை இருக்கிறது. அதை மடமடவென்று மெல்லக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் அதக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். மீன்பிடி வள்ளத்தில் புகையிலை அதக்கிப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க: 1992 முதல் அங்கே மெல்பசையை விற்கவும் கொண்டுவரவும் தடை. ரயில் கதவின் சென்சாரில் ஒட்டிவைத்து ரயிலை நிறுத்திய விஷமமும் அதற்கு ஒரு காரணம். 2004-இல் பல்லுக்கும் நிக்கோட்டினுக்குமான வகைகளுக்கு மட்டும் தளர்த்தினார்கள், அதுவும் பல் மருத்துவர், மருந்தாளுநர் கையால்தான். காது அடைக்குமே என்று திருச்சியில் ஏறும்போது வாங்கியிருந்தால், மிச்சப் பொட்டலத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.