ஹிஸ்டெரிசிஸ்: கன்ட்ரோலரில் 'தயக்கம்' எங்கே இருக்கிறது?

"பி1-ல் தயக்கத்தைக் குறைத்து வையுங்கள், ஹீட்டர் சட்டென்று வேலை செய்யும்." வீட்டிலேயே ஹீட்டர் காயிலுக்கு வெப்பநிலை கன்ட்ரோலர் கட்டுகிறவர்களுக்கு இப்படி ஓர் அறிவுரை ஓயாமல் கிடைக்கிறது. பி1 என்பது கன்ட்ரோலரில் ஹிஸ்டெரிசிஸை வைக்கும் இடம், அந்தச் சொல்லைத்தான் 'தயக்கம்' என்று தமிழாக்குகிறார்கள். அறிவுரையும் தவறு, சொல்லும் தவறு. சொல் தவறாகப் போனதால்தான் அறிவுரையும் தவறிப்போனது.

கிரேக்கத்தில் 'ஹுஸ்டெரோஸ்' என்றால் பிந்தியது. பின்தங்குதல் என்ற பொருளில் அதிலிருந்து வந்தது ஹிஸ்டெரிசிஸ். 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங், இரும்பின் காந்தமாக்கம் காந்தப்புலத்துக்குப் பின்தங்கி வருவதைக் கண்டு இந்தப் பெயரை வைத்தார். (ஹிஸ்டீரியா வேறு, அது கருப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.) நம் பள்ளி இயற்பியலில் இது 'காந்தத் தயக்கம்' ஆனது. அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். புலத்தை எடுத்த பிறகும் இரும்பிலிருந்து காந்தம் போக மனமில்லாமல் நிற்கிறது. தயக்கம் என்றால் ஒருவாறு பொருந்துகிறது.

கன்ட்ரோலரில் தயங்குவதற்கு எதுவும் இல்லை. முட்டை இன்குபேட்டர் கட்டுகிறவர்கள் வாங்கும் டபிள்யூ1209 போர்டையே எடுத்துக்கொள்வோம். பி0-வில் 'எச்' (சூடாக்கும் முறை), செட் 37.5, பி1-ல் 0.5 என்று வைத்தால், 37.5-ஐத் தொட்டதும் ஹீட்டரின் சுவிட்சான ரிலே விடும், அதாவது ஹீட்டர் அணையும்; 37.0-க்கு இறங்கினால்தான் மறுபடி பிடிக்கும். நடுவிலுள்ள அரை டிகிரியில் போர்டு கடைசியாக இருந்த நிலையையே வைத்துக்கொள்கிறது. 37.2-ல் ரிலே பிடித்திருக்குமா விட்டிருக்குமா என்று கேட்டால், ஏறும்போதா இறங்கும்போதா என்று திருப்பிக் கேட்க வேண்டும். சங்கதி அவ்வளவுதான். இதன் அலகு டிகிரி. நொடிக்கும் நிமிடத்துக்கும் இங்கே வேலையே இல்லை.

ஆனால் 'தயக்கம்' என்றதும் இன்றைய தமிழ்க் காதில் விழுவது நேரம்தான். (சங்கப் பாடலில் 'தயங்கு திரை' அசையும் அலை, அந்தப் பொருள் போய் வெகுகாலமாகிறது.) அதே போர்டில் நேரத்துக்கென்று பி5 தனியாக இருக்கிறது: ரிலே பிடிக்கும் முன் 0 முதல் 10 நிமிடம் வரை காத்திருக்கச் செய்யும் தாமதம். ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கு அது உயிர்காக்கும் வசதி. காயிலுக்கு 0 போதும். 'தயக்கம்' என்று படித்தவர் பி1-ஐ விட்டுவிட்டு பி5-ல் 3 வைக்கிறார். 37.0-க்கு இறங்கிய பெட்டி இன்னும் 3 நிமிடம் ஆறுகிறது. "சென்சார் போச்சு" என்று சென்சாரை மாற்றுகிறார்.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். 37.5-ல் ரிலே விட்ட பிறகும், காயிலில் தேங்கிய சூட்டால் பெட்டி 38.3 வரை ஏறும். 37.0-ல் பிடித்த பிறகும், காயில் சூடேறுவதற்குள் 36.6 வரை இறங்கும். நிஜமாகத் தயங்குவது இதுதான்: காயிலும் காற்றும் சென்சாரும் சேர்ந்து செய்யும் தாமதம். பி1 அரை டிகிரிதான், வெப்பநிலை ஏறி இறங்கும் ஊசலோ 1.7 டிகிரி. இதற்கும் அதே 'தயக்கம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் ஊசலைக் குறைக்க பி1-ஐ 0.1 ஆக்குகிறார்கள். ஊசல் பெரிதாகக் குறையாது. மெயின் வயரோடு சேர்த்து இழுத்த சென்சார் வயரில் ஏறும் மின் இரைச்சலே 0.1-ஐத் தாண்டிவிடும், ரிலே டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பிக்கும். சாதாரண ரிலேவின் மின்சுமை ஆயுள் சுமார் 1 லட்சம் தடவை. 3 நிமிடத்துக்கு ஒரு முறை பிடித்தால் ஏறக்குறைய 7 மாதம் ஓடும். 10 நொடிக்கு ஒரு முறை என்றால் 12 நாளில் கணக்கு முடிந்தது.

ஊசலுக்கு மருந்து வேறு. சென்சாரைக் காயிலின் காற்றோட்டத்துக்குள் நகர்த்துங்கள், ஃபேனை நிறுத்தாமல் ஓடவிடுங்கள், வாட்டைக் குறையுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு காயிலைத் தொடராக இணைத்தால் மொத்தமாக ஒற்றைக் காயிலின் பாதி வாட்தான் வரும்.

'பின்னடைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. தேர்தல் முடிவு வாசிப்பது போலிருக்கிறது. தவிர, அதுவும் நேரத்தையே சுட்டுகிறது. ரிலே நிலை மாறாத அந்த நடு இடைவெளிக்கான ஆங்கிலப் பெயர் டெட் பேண்டை 'இறந்த பட்டை' என்று எழுதியவரிடம் பேச ஒன்றுமில்லை. அகராதியில் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தால், காந்தத்துக்கும் ரிலேவுக்கும் ஒன்றையே ஒட்டிவிடுவது நம் கலைச்சொல் பட்டியல்களின் பழைய நோய். வெப்பநிலை என்று எழுத வேண்டிய இடத்தில் 'வெப்பம்' என்று எழுதும் அதே கைதான் இதையும் செய்கிறது. 37.5 டிகிரி வெப்பம் என்று ஒன்று கிடையாது.

குளிர்பதன மெக்கானிக்குகள் இந்த வம்புக்கே போவதில்லை. விடும் இடம் கட்-அவுட், பிடிக்கும் இடம் கட்-இன், இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஸ் என்று முடித்துவிடுவார்கள். தமிழிலும் அந்த நடுவைத்தான் பெயராக்க வேண்டும்: விட்ட ரிலே மீண்டும் பிடிக்க எத்தனை டிகிரி விலக வேண்டும்? அது மீளிடைவெளி. 'மீளிடைவெளி 0.5 டிகிரி' என்று எழுதினால், நிமிடத்தை வைக்கும் இடத்தில் யாரும் அதைக் கொண்டுபோய் வைக்க மாட்டார்கள்.

இன்குபேட்டருக்கு 0.3 முதல் 0.5 வரை வைத்துப் பாருங்கள். வெந்நீர்த் தொட்டிக்கு 2 டிகிரி கூட யாருக்கும் உறைக்காது. செட்டைத் தாண்டியும் ஹீட்டர் நிற்கவே இல்லையென்றால் பி1-ஐத் தொட வேண்டாம். பி0 'சி'-யில், அதாவது குளிரூட்டும் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எச்'-ல் இருந்தும் நிற்கவில்லை என்றால் ரிலே முனை ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் காயிலோடு தொடராக, சூடு மீறினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஒரு தெர்மல் ஃபியூஸ்.